பெருங்காய டப்பாவில் நீல மாத்திரை

தண்டபாணியைப் பற்றி எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது, "என் கொயம்ப பத்தியும் எழுதுவியாக்கா?" என்பதுதான். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே மற்றதற்குச் சம்மதித்தார். பேரை மட்டும் மாற்றச் சொன்னார். என்ன பேர் வைக்கலாம் என்றேன். "தண்டபாணின்னு வையி. எங்க மாமா பேரு. அந்தாளுக்கு நல்லா வேணும்" என்றார். ஆக, இதில் வரும் பேர் ஒரு பழிவாங்கல். அந்த மாமா யார், என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

முதலில் வாக்கை நிறைவேற்றிவிடுகிறேன். தண்டபாணி காசிமேட்டில் ஒரு விசைப்படகில் சமையல்காரர். ஒன்பது பேர் பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற படகு. அலை தூக்கிப் போடும்போது சட்டி கவிழாமல் இருக்க, ஈரச் சாக்கை முறுக்கி நாலு பக்கமும் முட்டுக் கொடுத்துத்தான் குழம்பு கொதிக்க வைப்பார். ஒருமுறை கானாங்கத்தை மீன் குழம்பைத் தூக்கில் ஊற்றி எங்களுக்குக் கொண்டுவந்தார். நான் வடசென்னை எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்தவள். மீன் குழம்பு விஷயத்தில் எங்கம்மாவைத் தவிர யாரையும் ஒத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். இதை எங்கம்மாவிடம் சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை.

என் பேர் மதி. திருவொற்றியூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் சங்கத்தின் கிளினிக் இருக்கிறது. வெளியே போர்டு கிடையாது. ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்கள் எங்களிடம் வருவார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்வோம், பேசுவோம், ஆணுறை கொடுப்போம். கொஞ்ச காலமாக, எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு அது வராமல் தடுக்கிற மாத்திரையும் கொடுக்கிறோம். தினம் ஒன்று. ரத்தம் சோதித்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, டாக்டர் எழுதிய பிறகுதான் கொடுப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் சோதனை. பதினான்கு வருடமாக அங்கே நான் ஆலோசகர். இத்தனை வருடத்தில் என் பொறுமை வளர்ந்ததாகச் சொல்வார்கள். என் வீட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

மாத்திரை தருவதற்கு முன் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. அதில் ஒரு கேள்வி: தடுப்பு மாத்திரையைப் பயன்படுத்த நீங்கள் தயாரா? கீழே ஐந்து கட்டம். 'மிகவும் தயார்' என்பதில் தொடங்கி 'தயாரே இல்லை' வரை. அந்தப் படிவத்தை எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது கடல் பக்கம் வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். வருகிறவர்களில் பாதிப் பேர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதற்காக 'மிகவும் தயார்' என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் ஆளைப் பார்க்க முடியாது.

போன வருடம் பிப்ரவரியில் தண்டபாணி முதல் தடவை வந்தபோது பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வயது. எண்ணூர் பக்கம் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தவர். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் சேறும் சேர்ந்து மீன் குறைந்ததும், பத்தொன்பது வயதில் காசிமேட்டுக்கு வந்து விசைப்படகில் ஏறியவர். அன்றைக்கு எடுத்த பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்திருந்தது. இந்த மாத்திரை விவரத்தை நான் சொல்லி முடித்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"அலைல வாந்தி வந்தா மாத்திரையும் வெளிய வந்துடுமே, அப்ப இன்னா பண்றது?"

"ஐஸ் ரூமாண்ட வெச்சா கெட்டுப்பூடுமா? அடுப்பாண்ட வெச்சா?"

"புயல்னு சொல்லி வேற துறைமுகத்துல ஒதுங்கிட்டா, கூட நாலு நாளு ஆவும். அதுக்கு எக்ஸ்ட்ரா குடுப்பியா?"

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெரிய மனிதர்கள் யாரும் இதையெல்லாம் யோசிக்கவில்லை. பாதிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாமல் டாக்டருக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"அக்கா, கரையில நான் தயாரு. கடல்லயும் தயாரு. எவன் கண்ணுலயாவது பட்டா, அத்துக்கு நான் தயார் இல்ல. இதுல எந்தக் கட்டம்னு நீயே சொல்லு."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவரை எங்களிடம் அனுப்பியதே ஜெரிதான். ஜெரி ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் ஐஸ் பார் இறக்கிக்கொண்டிருந்தவர், தண்டபாணிக்குத் தோஸ்து. ஜெரிக்கு எச்.ஐ.வி. உண்டு. அரசாங்க சிகிச்சையில் நல்லபடியாக இருக்கிறார், ஐஸ் பாரைத் தனியாளாகத் தூக்குவார். ஒருநாள் டீக்கடையில் அவர் பையிலிருந்து மாத்திரை டப்பா கீழே விழுந்திருக்கிறது. அந்த டப்பாவை அடையாளம் தெரிந்த ஒருவன் அங்கே இருந்திருக்கிறான். மறுநாள் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், ஜெரிக்கு மட்டும் பேப்பர் கப். ஒருவரும் ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசவில்லையாம். பேப்பர் கப் மட்டும்தான். ஒரு மாதம் அதில் குடித்துவிட்டு ஜெரி துறைமுகத்தையே விட்டு, மணலி புதுநகர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலைக்குப் போய்விட்டார்.

எங்கள் மாத்திரையும் ஏறக்குறைய அதே மாதிரி டப்பாவில்தான் வருகிறது. இது நோய்க்கான மாத்திரை இல்லை, வராமல் இருக்கப் போடுவது என்று படகில் யாரிடம் போய் விளக்குவது? அதுவும் படகில் சமைக்கிறவருக்கு. அவர் கையால் ஒன்பது பேர் சாப்பிட வேண்டும். ஒருவன் தட்டைத் தள்ளி வைத்தால் போதும், பதினேழு வருடப் பிழைப்பு அன்றோடு முடிந்தது.

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவது என் வேலையும் இல்லை. ஆணுறை கொடுத்து அனுப்பினேன். மீன்பிடித் தடைக்காலம் வந்து படகுகள் கரையில் நின்றபோது, மே மாதம், அவராகவே திரும்பி வந்தார். கையில் ஒரு காலிப் பெருங்காய டப்பா.

"இத்துல போட்டு அடுப்பாண்ட வெச்சுகினா எவன் தொறக்கப் போறான்? பெருங்காயம் ரசத்துக்கு. ரசம் வெக்கிறவன் நான் ஒருத்தன்தான்."

டப்பாவைக் கழுவினீர்களா என்று கேட்டேன். மூன்று தடவை கழுவியதாகச் சொன்னார். ஒரிஜினல் டப்பாவிலிருந்து மாற்றினால் ஈரம் படக்கூடாது என்று டாக்டர் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரும், ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் கொடுத்தார். கரையில் இருந்த நாட்களிலேயே பழகிவிட வேண்டும் என்று அன்றைக்கே ஆரம்பித்தார். எப்போது போடுவீர்கள் என்றேன். காலையில் அடுப்பைப் பற்ற வைத்ததும், முதல் டீ கொதிப்பதற்குள், என்றார். கரையிலும் அப்படித்தான். மீன் விற்கப் போகும் தன் அக்கா மலருக்கு டீ போட்டுக் கொடுக்கிற சாக்கில் ஒரு நாளும் விடாமல் போட்டார். நான் அரை நாள் உட்கார்ந்து, போன், அலாரம், காலண்டர் என்று சொல்லிக்கொடுப்பேன். அவர் ஒரு தீக்குச்சியில் முடித்துவிட்டார்.

ஜூன் நடுவில் தடை முடிந்து படகு கிளம்பியது. பதினாறு மாத்திரை எண்ணி எடுத்துப் போனார். பன்னிரண்டு நாளுக்குப் பன்னிரண்டு, தாமதம் ஆனால் நாலு. திரும்பி வந்து எண்ணினால் நாலு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. எங்கேயோ சிந்தியிருக்கும் என்று நினைத்தார். அடுத்த தடவையும் பதினாறு. பத்தாம் நாளே டப்பா காலி. கரையில் கால் வைத்ததும் வலைப்பையோடு நேரே எங்கள் மாடிக்கு வந்தார்.

"அக்கா, நான் தூக்கத்துல ரெண்டு ரெண்டா முழுங்குறனா? எனக்கு ஒன்னும் பிரியல. பேஜாரா கீது."

அவர் கணக்குத் தப்புகிற ஆள் இல்லை. எத்தனை பேருக்கு எத்தனை ஆழாக்கு அரிசி என்பதைக் கண்ணாலேயே அளப்பவர். டாக்டர் அவருக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து, கவலைப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லி, தொடரச் சொன்னார். வேறு யாராவது எடுக்கிறார்களா என்று கவனியுங்கள் என்றேன் நான். "எடுக்கறவன் இன்னான்னு நெனச்சி எடுப்பான்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்கான பதில் மூன்றாவது பயணத்தின் நாலாம் நாள் கிடைத்தது. பட்டப்பகல், பதினோரு மணி. தண்டபாணி பின்பக்கம் மீன் கழுவிவிட்டுத் திரும்பும்போது அடுப்படியில் படகின் டிரைவர் செங்குட்டுவன் நின்றுகொண்டிருந்தார். பெருங்காய டப்பாவைத் திறந்து, ஒரு நீல மாத்திரையை வாயில் போட்டு, ஆறிப்போன டீயை ஊற்றி விழுங்கிவிட்டு, மூடியை ஒழுங்காக மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

செங்குட்டுவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. படகில் எல்லாரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். படகு எங்கே போக வேண்டும், எப்போது வலை இறக்க வேண்டும், அடுத்த தடவை யார் ஏறலாம் என்பதெல்லாம் அவர் வாயில்தான் இருக்கிறது. ஆளுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. முதுகுவலி தீராது. சிறுநீரகம் கொஞ்சம் பழுதாகி வருகிறது, இனி வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். படகின் மருந்துப் பெட்டி தண்டபாணியின் பொறுப்பு. எத்தனை கெஞ்சினாலும் நைனாவுக்கு வலி மாத்திரை தருவதில்லை என்று அவர் பிடிவாதமாக இருந்தார்.

இப்போது விஷயம் விளங்கியிருக்கும். தண்டபாணி வலி மாத்திரையைத் தன் கண்ணில் படாமல் பெருங்காய டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறான் என்று நைனா முடிவு கட்டிவிட்டார். கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. முதுகு பிடித்துக்கொள்ளும் நாளெல்லாம் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, 'இது நல்லா கேக்குது' என்று திருப்தியாக இருந்திருக்கிறார். அந்த மாத்திரைக்கும் முதுகுவலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் போடக்கூடாத மாத்திரைகளில் மட்டும் அதற்கு இடம் உண்டு.

தண்டபாணிக்குச் சட்டென்று ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. இரண்டாவது பயணம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போன நைனாவிடம், ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறியிருக்கிறது, சிறுநீரகம் மோசமாகிறது, ஒளித்து வைத்து வலி மாத்திரை போட்டாயா என்று டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். சத்தியமாகக் கடையில் வாங்கிப் போடவில்லை என்று நைனா சாதித்திருக்கிறார். அதைப் படகில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னவரும் அவர்தான்.

தண்டபாணி டப்பாவிலிருந்த மாத்திரைகளை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுநாள் டப்பா காலியாக இருப்பதைப் பார்த்து நைனா ரசத்தில் உப்பில்லை என்று கத்தினாராம். உப்பு இருந்தது. எட்டு நாள் இப்படியே ஓடியது. மாத்திரையை இடம் மாற்றியதோடு கை கழுவியிருக்கலாம், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் ஏற்கனவே பத்து மாத்திரை நைனா உடம்புக்குள் போயிருக்கிறது. எதனால் அளவு ஏறியது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி டாக்டர் இருட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்.

கரை நெருங்கும்போது எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணில் பட்ட பிறகுதான் போனுக்கு உயிர் வரும். அன்று காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. எஞ்சின் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னார். நான் எங்கள் டாக்டரைக் கேட்டுச் சொன்னேன்: பத்து மாத்திரைதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அவருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு மாத்திரையின் பேர் தெரிந்தே ஆக வேண்டும்.

அடுத்து நான் சொன்னதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதிவிடுகிறேன். "தம்பி, உனக்கு இதயத்துல ஏதோ கோளாறு, அதுக்கான மாத்திரைன்னு சொல்லிடு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. அதோட விடு." பதினான்கு வருடமாக இங்கே வருகிற ஒவ்வொருவரிடமும் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி வருகிறவள் நான். அவர் படகும் பிழைப்பும் போய்விடக் கூடாது என்ற பதற்றத்தில் பொய்யைக் கையில் எடுத்துக் கொடுத்தேன்.

தண்டபாணி ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்பால டாக்டரு அத்த நம்பி வேற எதுனா எயுதிக் குடுத்துட்டா? நைனா உசுரு அக்கா அது. பேரச் சொல்லணும். பேரச் சொன்னா எதுக்குன்னு டாக்டரே சொல்லிடுவாரு. அத்த நானே சொல்லிடறேன்."

"படகுல ஏத்தாம போயிட்டா?"

"தெரிஞ்சுதாங்கா சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். காசிமேட்டுத் துறைமுக வாயில், படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு உள்ளே நுழைகிற நேரம். மற்ற ஏழு பேரும் முன்னால் கயிறோடு நிற்பார்கள். டிரைவர் ரூமில் நைனா மட்டும், இரண்டு கையும் சுக்கானில். "அந்த நேரத்துல அவுரு எந்திரிச்சிப் போவ முடியாது. என்ன அடிக்கவும் கையி கெடையாது. காது மட்டும்தான் சொம்மா கீது" என்றார் என்னிடம் பிறகு.

டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். "நைனா, பெருங்காய டப்பால இருந்தது வலி மாத்திரை இல்ல. என்னுது. எச்.ஐ.வி. வராம இருக்கப் போடறது. உன் கிட்னிக்கு ஆவாது. பத்து முழுங்கிட்டே."

நைனா கண்ணை முன்னாலிருந்து எடுக்கவில்லை. "உனக்கு அந்த சீக்கு கீதா?"

"இல்ல. வராம இருக்கத்தான்."

"உனக்கு ஏன் வரணும்?"

"நான் ஆம்பளைங்களோட பழகற ஆளு நைனா. சின்ன வயசுலேர்ந்தே."

நைனா சுக்கானைத் திருப்பினார். படகைக் கட்டினார்கள், மீனை இறக்கினார்கள். மாத்திரையின் பேரை எழுதிய சீட்டை தண்டபாணி நீட்டியபோது வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பயண முடிவிலும் வீட்டுக்குக் குழம்பு மீனை தண்டபாணி பார்த்துப் பொறுக்கிக் கொடுக்க, நைனா வாங்கிப் போவார். பதினேழு வருடப் பழக்கம். அன்று வாங்காமல் போனார்.

ஐந்தாம் நாள் படகுக்கு ஐஸ் ஏற்றினார்கள். ஐஸ் ஏற்றும் நாள் காலையில் நைனா போன் செய்து, சாமான் வாங்கிவிட்டாயா என்று கேட்பார். அந்தப் போன் வந்தால் ஏறலாம். தண்டபாணி அன்று முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தார். வரவில்லை. வேறொரு சமையல்காரரை ஏற்றிக்கொண்டு படகு கிளம்பிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நைனா மேல், காசிமேட்டின் மேல், அந்தப் பேப்பர் கப் மேல். உண்மையில் என் மேல்தான் அதிகம். உண்மையைச் சொன்னவருக்கு இது கிடைத்திருக்கிறது, பொய் சொல்லச் சொன்ன நான் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இனி தண்டபாணி மாத்திரையை விட்டெறிந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எத்தனையோ பேர் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு விட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது.

அந்த வாரம் திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் போனேன். தண்டபாணி தன் அக்கா மலரின் கடையில் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். கை பாட்டுக்குச் சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மாத்திரை, என்று மெல்ல இழுத்தேன்.

"காலைல போட்டேனே" என்றார், நான் ஏதோ பல் தேய்த்தாயா என்று கேட்ட மாதிரி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்காவ படகே போச்சு. இத்தையும் வுட்டுட்டா, நான் எதுக்கு சொன்னேன்னு ஆயிடும்ல."

நான் ஒரு கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று எனக்கு மீன் வாங்கும் எண்ணமே இல்லை.

பதின்மூன்றாம் நாள் படகு திரும்பியது. மலருக்கு மீன் எடுக்க தண்டபாணி துறைமுகத்துக்குப் போயே ஆக வேண்டும். ஒளிந்துகொள்கிற ஆள் இல்லை என்றாலும் அன்று டீக்கடைப் பக்கம் பார்க்காமல் நடந்ததாக ஒத்துக்கொண்டார். படகில் இருந்தவர்கள் டீக்கடையில் நின்றிருந்தார்கள். வலைக்காரர் கோதண்டம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "இன்னா மாமு, அக்காவுக்கு ஒடம்பு தேவலையா? நைனா சொன்னாரு, அதான் நீ வரலன்னு." சொல்லிக்கொண்டே தான் பாதி குடித்த டீயை அப்படியே கண்ணாடி கிளாஸோடு நீட்டினார்.

தண்டபாணி அதை வாங்கிக் குடித்தார். மலருக்கு ஒரு ஜலதோஷம்கூட கிடையாது. நைனா யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமில்லை, அவரே ஒரு பொய்யும் சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு அந்த இடத்தில் நைனா மேலிருந்த கோபம் பாதி குறைந்தது. மீதியை நான் அவ்வளவு சுலபத்தில் விடுவதாக இல்லை.

இரண்டு நாள் கழித்து நைனா மார்க்கெட்டுக்கே வந்தார். மலரிடம் விலை விசாரித்தார், வாங்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து தண்டபாணி பக்கம் நீட்டினார். கிரியாட்டினின் அளவு இறங்கியிருந்தது. மாத்திரையின் பேரைப் பார்த்ததும் டாக்டருக்கு என்ன செய்வதென்று தெரிந்ததாம், சொன்னவன் யாரோ அவனுக்கு நன்றி சொல்லுங்கள் என்றாராம். அந்த நன்றியை நைனா தன் வாயால் சொல்லவில்லை. டாக்டர் சொன்னார் என்று மட்டும் சொன்னார்.

"அந்தப் புது ஆளு சமைச்சது வாயில வெக்க முடியல" என்றார். "மீன் கொயம்புல பெருங்காயம் போடறான். செவ்வாக்கெயம ஐஸு. சாமான் லிஸ்ட்டு எயுதிகினு வந்துடு."

குழம்புக்காகத்தான் கூப்பிட்டேன் என்று நைனா சொல்லிக்கொள்ளட்டும். பதினேழு வருடம் ஒருவர் கையால் சாப்பிட்டவருக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

அக்டோபரில் மூன்று மாதச் சோதனைக்காக தண்டபாணி மாடியேறி வந்தார். ரத்தத்தில் ஒன்றும் இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. வீட்டில் மீதி இருந்த மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. அதே கேள்வி, அதே ஐந்து கட்டம் உள்ள படிவத்தை எடுத்து முன்னால் வைத்தேன். மேஜை மேல் டப்பாவைத் தேடினேன், காணவில்லை.

"டப்பா எங்க தம்பி? மறுபடியும் அடுப்பாண்டயா?"

"இல்லக்கா. நைனா ரூம்ல கீது."

டிரைவர் ரூமில் டிரைவரைத் தவிர யாரும் எதிலும் கை வைக்க மாட்டார்கள். அது படகுச் சட்டம். முதல் நாளே நைனா கேட்டு வாங்கி, தன் சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாராம். காலையில் அடுப்பு பற்றியதும் டீயோடு தண்டபாணி மேலே போவார். நைனா டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொள்வார். இருவரும் ஒரே டீயில் விழுங்குவார்கள். அந்த விஷயத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை.

"ஒன்னுமே கேக்கலியா?" என்றேன்.

தண்டபாணி பேனாவை எடுத்தவர் அதை அப்படியே கீழே வைத்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"டப்பாவ வாங்கி வெக்கும்போது ஒன்னே ஒன்னு சொன்னாருக்கா. 'எவனாவது பாத்துட்டு இது யாருதுன்னு கேட்டா, என்னுதுன்னு சொல்லிக்கிறேன். நீ மறக்காம போடு.'"